தையலுக்கு விட்டது

மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கட்டைவிரல் ஒரு சுவரில், ஆள்காட்டி விரல் இன்னொரு சுவரில். விட்டால் விரிந்துவிடும். பசை பிடிக்கிறவரைக்கும் அசையக்கூடாது என்று பெர்க்மான்ஸ் சொல்லிவிட்டுப் போனான். எவ்வளவு நேரம்டா என்று கேட்டேன். ஜெபமாலையில ஒரு பத்து மணி உருட்டுற நேரம்மா, உனக்கு அதானே கடிகாரம் என்றான். சொல்லும்போது வாயோரம் லேசாக இழுபட்டது. அதைச் சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். அருள் நிறைந்த மரியே வாழ்க. இந்த அட்டை ஒரு புடவைப் பெட்டி. மகள் ஜெசிந்தா கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தபோது கொடுத்தது, இத்தனை வருஷமும் அலமாரி மேலே எதற்கென்று தெரியாமல் கிடந்தது. அவள் கும்பகோணத்தில் ரெண்டு பிள்ளை பெற்றுப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள். பெட்டிக்கு இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நிற்குமே, கேட்மேன் உட்காருகிற சின்ன அறை, அதுவாக ஆகிக்கொண்டிருக்கிறது. என் உள்ளங்கையில் அடங்குகிற அறை. கர்த்தர் உம்முடனே. உள்ளே ஒரு ஆளை நிறுத்தினால் தீக்குச்சியில் பாதி உயரம்தான் இருக்க வேண்டுமாம். எண்பத்தேழில ஒரு பங்கும்மா என்று பெர்க்மான்ஸ் கணக்குச் சொன்னான். அப்படியென்றால் எண்பத்தேழு பேர் ஒருத்தர் தலைமேல் ஒருத்தர் நின்றால்தான் ஒரு மனுஷன். ஒரு மனுஷன் என்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று நினைத்தேன். ஆமாம், அவ்வளவு பெரிய விஷயம்தான். அதை நினைக்கக் கூடாது இப்போது.

பக்கத்து அறையில் ரயில் ஓடுகிறது. பெரிய ரயில் இல்லை, அது பொன்மலையில் இருக்கிற எங்களுக்கு எந்த நேரமும் கேட்கிற சத்தம், காதில் விழுவதே இல்லை. இது பெர்க்மான்ஸின் மேஜை ரயில். வீட்டுக் கதவு ரெண்டை மாற்றினோம், அந்தப் பழைய கதவுகளைப் படுக்கப்போட்டு அதன்மேல் தண்டவாளம் ஒட்டி வைத்திருக்கிறான். டிப்ளமோ படித்த காலத்தில் ஆரம்பித்தது. தாழ்ப்பாள் ஓட்டையைக் கிணறு ஆக்கினான், பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்து மரம் ஆக்கினான். அப்புறம் நிஜ ரயிலிலேயே வேலை கிடைத்தது, டிரைவர் ஆனான், இப்போது அதற்கு வேற பேர் சொல்கிறார்கள், எங்கள் வாய்க்கு டிரைவர்தான். பிறகு இந்தக் கதவு மேல் தூசிதான் படிந்தது. இந்த மூணு மாசமாகத்தான் மறுபடியும். கிர்ரென்று ஒரு சத்தம், தையல் மிஷின் மெதுவாக ஓடுகிற மாதிரி. வளைவில் கொஞ்சம் கரகரப்பு. பாலத்தில் டொக்டொக். அப்புறம் நின்றுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பாலம் தாண்டினதும் நிற்கிறது. எல்லாம் ஒரே இடத்தில்தான் நிற்கிறது என்று காதை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடித்து, இன்னொன்றும் சொல்லி முடிக்கிறவரை சத்தமே இருக்காது. பிள்ளை என்ன செய்கிறான், உட்கார்ந்திருக்கிறானா, நிற்கிறானா, முகத்தை மூடிக்கொண்டிருக்கிறானா. போய்ப் பார்க்கலாம். போனால், என்னம்மா, உளவு பார்க்கிறியா என்பான். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக. அதோ, கிர்ரென்கிறது. ஓடுகிறது. ஓடட்டும், மாதாவே, ஓடட்டும்.

மூலை பிடித்துவிட்டது. விரலை எடுத்தால் தோல் கூடவே வருகிறது. அடுத்த சுவர். இதில்தான் ஜன்னல். சட்டை வாங்கினால் வருமே கண்ணாடி மாதிரி கவர், அதை வெட்டி உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், மேலே நூலில் கம்பி. அந்த நிஜ கேட்மேன் அன்றைக்கு இந்த ஜன்னலிலிருந்துதான் கத்தினாராம். பெரியவரே, பெரியவரேன்னு கத்தினாரும்மா, எனக்கு வாய் அசையறது தெரிஞ்சுது, சத்தம் எப்படிக் கேக்கும். பெர்க்மான்ஸ் இதைச் சொன்னது ரொம்ப நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரசத்தைக் கையில் எடுத்தபடி. எடுத்த ரசம் விரலிடுக்கில் ஒழுகிப்போனது. இவங்க, அவன் அப்பா, இன்னாசிமுத்து, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவங்க, ஒர்க்‌ஷாப்பில் கொதிகலன் பக்கம் இருந்து இருந்து காது மந்தம், என்னது, என்ன சொல்றான் என்று என்னைக் கேட்டாங்க. நான் ஒண்ணுமில்லங்க, ரசம் உப்பு தூக்கலா இருக்காம் என்றேன். அப்படியா, எனக்குச் சரியாத்தான் இருக்கு என்று இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாங்க.

அதனால்தான் அவனால் இந்தச் சுவரை வெட்ட முடியவில்லை என்று எனக்குத் தெரியும். கூரையை அவனே செய்துவிட்டான், நெளிநெளியான அட்டையைப் பிரித்து, அச்சு அசலாக ஓட்டுக் கூரை. சுவருக்கு வரும்போது பிளேடை வைத்துவிட்டு வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றான். அம்மா, நீ எவ்வளவு ஜாக்கெட் வெட்டியிருக்க, இதை வெட்டிக் குடேன். படம் போட்டுத் தரேன். ஸ்டேஷன் இருக்கு, பாலம் இருக்கு, சிக்னல் இருக்கு, இந்த கேட் ரூம் மட்டும்தான் பாக்கி. இது முடிஞ்சா நான் டூட்டிக்குப் போறேன்மா. போறேன் என்றான். எனக்கு அந்த வார்த்தைதான் குத்தியது. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகூட அப்படிச் சொல்லாது, போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும், சொல்லாமல் படி இறங்கினால் கூப்பிட்டுச் சொல்ல வைப்பேன். அந்த நாளுக்கு அப்புறம் பெர்க்மான்ஸ் கடைக்குப் போனாலும் போறேன்மா, முடி வெட்டப் போனாலும் போறேன்மா. நான் கூப்பிட்டுத் திருத்தவில்லை. முப்பத்தைந்து வயசுப் பிள்ளையை எப்படித் திருத்துவது. அவன் தலை மறைந்ததும் மீதியை நான் சொல்லிக்கொள்வேன், வந்துரு சாமி, வந்துரு.

ரயில்வே டாக்டர் உடம்பு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக் காலையில் போய்ச் சேர வேண்டும். சேரலாம், சேராமலும் இருக்கலாம், இன்னும் கொஞ்சம் லீவு கேட்டால் கொடுப்பார்கள், அதை அவன்தான் சொல்ல வேண்டும். அவன் சொல்வதெல்லாம் கேட் ரூம் முடிந்தால் என்பதுதான். அப்படியென்றால் இந்த அட்டையில்தான் இருக்கிறதா எல்லாம். முடித்தால் போவான், போனால் மறுபடியும் அந்த லைன், அந்த கேட், இன்னொரு ஆள் குனிந்து வந்தால். முடிக்காவிட்டால் இந்த அறைக்குள்ளேயே கதவைச் சுற்றிச் சுற்றி. எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் மாதா குகை இருக்கிற கெபியில் போய்க் கேட்டேன், மாதா பதில் சொல்கிற மாதிரி இருந்தாலும் அது என் குரலாகத்தான் இருக்கிறது. ரெண்டு நாளில் முடிகிற வேலையை நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் தெரிகிறது. ஒட்டினதைக் காய வைக்கிறேன் என்று சொல்லிக் கீரை ஆயப் போகிறேன். மஞ்சள் பூசுகிறேன் என்று பாதி நாள். ரயில்வே கட்டடத்து மஞ்சள் கடையில் வாங்கின பெயின்ட்டில் வரவில்லை, பச்சைப் பிள்ளைச் சட்டை மாதிரிப் பளிச்சென்று வந்தது. கடைசியில் சமையல் மஞ்சள்தூளைப் பசையில் குழைத்து, மேலே காப்பி டிக்காஷனைத் துணியில் தொட்டு ஒற்றினேன், கீழ்ப்பக்கம் மட்டும் கூட ரெண்டு ஒற்று, மழைத்தண்ணீர் தெறித்த கறை மாதிரி. அச்சாக வந்துவிட்டது. முகர்ந்தால் காப்பி வாசம். முன்னறையிலிருந்து இவங்க, ஏய் வியாகுலம், காப்பி போட்டியா, வாசம் வருது என்றாங்க. கேட்மேனுக்குப் போட்டேன், உங்களுக்கு நாலு மணிக்கு என்று கத்தினேன். அம்பது வருஷம் ஜாக்கெட் தைச்சவ இப்ப ரயில்வேக்குக் கட்டடம் கட்டுறா, டெண்டர் எடுத்திருக்கியாடி என்றாங்க. எழுந்து வந்து எட்டிப் பார்த்து, இது என்னடி, கேட் ரூமா, ஸ்டேஷன் மாஸ்டர் பங்களாவா என்று ஒரு குத்தல் வேறு. எனக்குக் கோபம்கூட வந்தது. கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க என்றேன்.

பேரே வியாகுலமேரி. கவலை என்று பேர் வைத்துவிட்டு, கவலைப்படாதே என்றால் எப்படி. எங்கள் அம்மா வியாகுல மாதா திருநாளில் என்னைப் பெற்றதால் அந்தப் பேர். மாதாவின் நெஞ்சில் ஏழு வாள். அதில் எந்த வாள் இது என்று யோசித்துப் பார்த்தேன், எதிலும் சேரவில்லை. அவளுடைய பிள்ளையை மற்றவர்கள் கொன்றார்கள். என் பிள்ளை, சீ, என் பிள்ளை கொல்லவில்லை. கேட் மூடியிருந்துச்சு, விசில் அடிச்சான், பிரேக் போட்டான், பொறகென்ன என்று இவங்க சொல்லுவாங்க, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. சொல்லிவிட்டு ராத்திரி எல்லாம் கட்டிலில் புரளுவாங்க. கூட வேலை பார்க்கிற பெரிய டிரைவர் ஒருத்தர் வந்து, தம்பி, இந்த வேலையில இது எல்லாருக்கும் உண்டு, நான் எண்ணுறதையே விட்டுட்டேன் என்றார். அவர் போனபிறகு பெர்க்மான்ஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா, எண்ணுறதை விட்டுட்டாராம்மா என்றான்.

சுவர் கொஞ்சம் வளைந்துவிட்டது. அழுத்திப் பிடி. அருள் நிறைந்த மரியே. அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அம்மா என்றான். அப்புறம், போயிட்டாரும்மா. நான் திரும்பி இவங்களைப் பார்த்தேன். இவங்க டிவி முன்னால் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காங்க, ஆனாலும் ஒரு கணம் இவங்கதான் போய்விட்டாங்க என்றே நம்பிவிட்டேன், போயிட்டாரு என்று பிள்ளை அழுதால் அப்பாவைத்தானே. யாருடா, யாரு. ஒரு பெரியவர்மா. கேட்டுக்கு அடியில குனிஞ்சு வந்துட்டாரு. விசில் அடிச்சேன்மா, அடிச்சுக்கிட்டேதான் வந்தேன். பிரேக் போட்டேன், நிக்கலம்மா. உடனே நிக்காதும்மா அது, அது அப்படித்தான், எனக்குத் தெரியும், ஆனா நிக்கலம்மா. கையில ஒரு மஞ்சப்பை வச்சிருந்தாரு. என் மடியிலிருந்த கீரையெல்லாம் எப்போது தரையில் கொட்டியது என்று தெரியாது.

அந்த மஞ்சப்பை என்னை விடமாட்டேன் என்கிறது. அவனிடம் கேட்டதில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் அந்தப் பைதான். என்ன இருந்திருக்கும் உள்ளே. காய்கறியா. மாத்திரையா. வயசான மனுஷன் அவ்வளவு அவசரமாகக் குனிந்து வருகிறார் என்றால் வீட்டில் யாரோ காத்திருந்திருக்க வேண்டும். ஒருவேளை தையல்காரியிடமிருந்து வாங்கின ஜாக்கெட்டாக இருக்கும், மகள் எங்கேயோ விசேஷத்துக்குப் புறப்பட்டு நிற்கிறாளாக இருக்கும், அப்பா சீக்கிரம் வாங்கிட்டு வாங்கப்பா. என்னிடம்கூட எத்தனை அப்பாமார் அப்படி வந்து பையை நீட்டியிருக்கிறார்கள். நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்றைக்கு மாமனார் மாமியார் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, ஒன்றை மட்டும் மிச்சம் வைத்து, நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் அடியில் அவருக்காக ஏற்றினேன். என்ன பேரோ, எந்தச் சாமியைக் கும்பிட்டவரோ. பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க சாமி வெளக்கு எப்படி ஏத்தணும்னு எனக்குத் தெரியாது என்று சொன்னேன். காற்று அடித்தும் அணையவில்லை. அதை நான் பெர்க்மான்ஸிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ.

நாலு மூலையும் ஒட்டிவிட்டது. சுவர் தானாக நிற்கிறது. விட்டுப் பார்த்தேன், விழவில்லை. என் கையால் ஒரு வீடு. சின்னக் கதவு, கதவுக்குத் தாழ்ப்பாளாக ஒரு கொக்கி, ஜாக்கெட்டுக்கு வைக்கிற கொக்கிதான். எனக்கே பெருமையாக இருக்கிறது, கர்வம் பாவம், மன்னிக்கணும். மத்தியானம் சாய்ந்துவிட்டது, ஜன்னல் வழியாக வெயில் வந்து அந்தச் சின்ன ஜன்னல் வழியாகவும் நுழைந்து உள்ளே தரையில் பொட்டு மாதிரி விழுகிறது. இதற்குள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும். கேட்டை மூடணும், திறக்கணும், வருகிறவனையும் போகிறவனையும் பார்த்துக்கொண்டிருக்கணும். நானும் அப்படித்தானே வாழ்ந்தேன். இனி கூரை மட்டும். அவன் செய்து வைத்த கூரையை எடுத்தேன். ரெண்டு கையாலும் மெதுவாக, பீடத்தில் துணி விரிக்கிற மாதிரி, மேலே வைத்தேன். டப்பென்று உள்ளே விழுந்துவிட்டது.

எடுத்து மறுபடியும் வைத்தேன். மறுபடியும் உள்ளே. திருப்பி வைத்துப் பார்த்தேன், குறுக்கே வைத்துப் பார்த்தேன். கூரை குழந்தை மாதிரி வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. அவன் தப்பாக அளந்திருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன். இஞ்சு டேப்பை எடுத்து அவன் போட்டுக் கொடுத்த படத்தையும் என் சுவரையும் அளந்தேன். படத்தைவிடச் சுவர் நாலு பக்கமும் ஓரத்துக்கு ஓரம் அரை இஞ்சு கூட. இந்த ஓரம் அரை இஞ்சு, அந்த ஓரம் அரை இஞ்சு, கீழே அரை இஞ்சு. எனக்குப் புரிந்துவிட்டது. ஐயோ மாதாவே. தையலுக்கு விட்டிருக்கிறேன்.

அட்டைக்கு எதற்குத் தையல். ஒட்டுகிற சுவருக்கு எதற்கு மடிப்பு. கத்திரிக்கோல் என் கையில் ஏறினால் கை கோட்டின் மேல் போகாது, கோட்டுக்கு வெளியேதான் போகும், அதற்கு வேறு வழி தெரியாது. யாருக்கும் நான் அளவோடு அளவாக வெட்டினதில்லை. உள்ள துணி விட்டிருக்கேன் டீச்சர், வேணும்னா பிரிச்சுக்கலாம் என்றுதான் ஜாக்கெட் வாங்க வருகிறவர்களிடம் சொல்வேன். மனுஷ உடம்பு ஒரே மாதிரியா இருக்கும். பெருக்கும், இளைக்கும், பிள்ளை உண்டாகும். பெர்க்மான்ஸின் பள்ளிக்கூடக் காக்கி நிக்கருக்குக் கீழே நாலு விரல் மடித்திருப்பேன். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு மடிப்புப் பிரிப்பேன், பிரித்த இடத்தில் பழைய காக்கியின் நிறம் கோடாகத் தெரியும். டேய், உங்க அம்மா உனக்கு ஸ்கேல் வச்சு அனுப்பியிருக்காங்கடா என்று பையன்கள் கேலி செய்து ஒருநாள் அழுதுகொண்டு வந்தான். நான் அந்தக் கோட்டைக் காட்டி, இது போன வருஷத்து நீ, இது இந்த வருஷத்து நீ என்றேன். அப்புறம் அவனே போய் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தான். கை பழக்கத்தில் செய்ததா இது. இல்லை, மனசு சொல்லிக் கொடுத்ததா, முடியாமல் இருக்கட்டும், பொருந்தாமல் இருக்கட்டும், பிள்ளை நாளைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று. அப்படியும் இருக்குமோ. என் கையை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவங்க சொன்னது சரிதான், பங்களாதான் கட்டியிருக்கிறேன்.

அப்போதுதான் காதில் உறைத்தது. பக்கத்து அறையில் சத்தமே இல்லை.

பாலம் தாண்டி நின்றிருக்கிறது. எப்போது நின்றது. நான் கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. சரி, ரெண்டு மங்கள வார்த்தை, கிளம்பிவிடும். அருள் நிறைந்த மரியே. ஒன்று. ரெண்டு. கிளம்பவில்லை. மூணு. வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன், அவனுக்கு நேரம் கொடுக்கிற மாதிரி. நாலு. ஆமென் வரைக்கும் போய் ஆமென் சொல்லாமல் நிறுத்தினேன். முன்னறையில் டிவியில் யாரோ சிரிக்கிறார்கள். பத்தும் முடிந்துவிட்டது, பிதாவுக்கும் சுதனுக்கும்கூடச் சொல்லிவிட்டேன். எழுந்தேன். கால் மரத்திருந்தது. அறைக்குப் போகிற வழி எங்கள் வீட்டில் எட்டெடுத்து வைத்தால் தீர்ந்துவிடும், அதற்குள் எத்தனையோ நினைத்துவிட்டேன், அதையெல்லாம் சொல்ல மாட்டேன். கையில் கூரை உள்ளே விழுந்த வீடு. பசை காயாத விரல் அதில் ஒட்டிக்கொண்டு விடவில்லை.

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. முழங்கையால் தள்ளினேன். பெர்க்மான்ஸ் தரையில் மண்டி போட்டிருந்தான். கோயிலில் போடுகிற மாதிரி. தாடையை மேஜை ஓரத்தில் வைத்து, கண் தண்டவாளத்துக்கு நேராக. ரயில் நின்றிருக்கிறது. அதற்கு முன்னால் ரோடு குறுக்கே போகிறது, ரெண்டு ஊசி வைத்து கேட், கேட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் போட்ட ஒரு சதுரம், என் வீடு உட்கார வேண்டிய இடம்.

"என்னடா தம்பி?"

அவன் திரும்பவில்லை. கையை மட்டும் லேசாகத் தூக்கினான், சத்தம் போடாதே என்கிற மாதிரி.

"இரும்மா. கடந்துக்கட்டும்."

எனக்கு யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் ஒவ்வொரு சுற்றிலும் நின்ற அந்த நிற்றல் எல்லாம் ஒன்றாக வந்து என்மேல் இறங்கியது. இந்த ரயில் நிற்கும். இவன் நிறுத்தினால் நிற்கும். குனிந்து வருகிற ஒரு பெரியவர், பையோடு, மெதுவாக, அந்தப் பக்கம் போகிறவரைக்கும் இவன் காத்துக்கொண்டிருக்கிறான். நான் பக்கத்தில் போய் நானும் மண்டி போட்டேன். முட்டி வலித்தது. அந்தச் சின்ன ரோட்டைப் பார்த்தேன். அவன் பார்க்கிற இடத்தைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கண் என் கைக்கு வந்தது.

"முடிச்சிட்டியாம்மா?"

"முடிச்ச மாதிரிதான். ஆனா ஒரு தப்பு ஆயிடுச்சு சாமி."

வாங்கிப் பென்சில் சதுரத்தில் வைத்தான். வீடு சதுரத்தைத் தாண்டி, ரோட்டோரம் தாண்டி, ஒரு மூலை தண்டவாளத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஏம்மா, இன்ஜின் நேரா கேட்மேன் வீட்டு அடுப்படிக்குள்ள போய்க் காப்பி கேக்கும் போலிருக்கே."

"தையலுக்கு விட்டுட்டேன்டா."

"எதுக்கு?"

"தையலுக்கு. ஓரத்துல அரை இஞ்சு. பழக்கத்துல."

"செவுத்துக்கா?"

அவன் முகம் முதலில் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் மூக்கு விரிந்தது, தோள் ஆடியது, சத்தம் கடைசியில்தான் வந்தது. மூணு மாசமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் செவுத்துக்கா, செவுத்துக்கா என்கிறான். எங்கே அது வேறு ஏதாவதாக மாறிவிடுமோ என்று நான் அவன் முதுகில் கையை வைத்தேன், பசைக் கை சட்டையில் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் மாறவும் செய்தது. மாறட்டும் என்று கையை எடுக்காமல் இருந்தேன். காது கேட்காத மனுஷனுக்கே கேட்டு, இவங்க வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாங்க.

"என்னடா? என்ன ஆச்சு?"

"அப்பா, அம்மா செவுத்துக்குத் தையல் விட்டிருக்குப்பா!"

"என்ன விட்டிருக்கா?"

"தையல்! தையல்!"

இவங்க வீட்டைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "நல்லதுதானே. கேட்மேன் குண்டானா பிரிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் டிவிக்குத் திரும்பிப் போனாங்க. ஆனால் நடையில் போகும்போது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

நான் பிளேடைத் தேடினேன். "குடு, ஓரத்தை நறுக்கிடறேன். ஒரு நிமிஷ வேலை."

"வேணாம்மா. வெட்டாத." நார் மரம் ஒன்றைப் பிடுங்கினான், அதன் பின்னால் வைத்திருந்த கல்லை எடுத்தான். வீட்டைத் தண்டவாளத்திலிருந்து நன்றாகத் தள்ளி, அந்த இடத்தில் வைத்தான். ஜன்னல் ரோட்டைப் பார்க்கிற மாதிரித் திருப்பினான். "இப்படி இருக்கட்டும். கொஞ்சம் எடம் கெடச்சுது பாரு, ஒரு ஆள் ஒதுங்கி நிக்கலாம்."

அப்புறம் பொத்தான் பெட்டி மாதிரி இருக்கிறதே, ரயிலை ஓட்டுகிற அது, அதைக் கையில் எடுத்தான். ரயிலைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டான். மறுபடியும் வந்தது. கிர்ரென்று, டொக்டொக் என்று பாலம், கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. ரெண்டு பேரும் மண்டி போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தோம். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து ரோட்டின் மேல் நீளமாக விழுந்திருந்தது. நான் மனசுக்குள் ஒரு மங்கள வார்த்தை சொன்னேன். அவசரப்படவில்லை. வயசானவர், மெதுவாகத்தான் நடப்பார். பை கனமாக இருக்கும். இந்தத் தண்டவாளம் தாண்டி அந்த ரோட்டில் ஏறி, அதோ.

"போயிட்டாரும்மா" என்றான் பெர்க்மான்ஸ்.

"ம்."

வாயைக் குவித்தான். சின்னப் பிள்ளையில் அடிப்பானே, அந்த மாதிரி, வாயால் நீளமாக ஒரு விசில். வழியில் யாராவது இருந்தால் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்கிற நீளம். ரயில் கிளம்பியது. என் மஞ்சள் வீட்டைத் தாண்டி, வளைவில் கரகரத்து, ஸ்டேஷனைத் தாண்டி, சுற்றி வந்து, பாலம் ஏறி இறங்கி, கேட்டுக்கு வந்தது. நிற்கும் என்று மூச்சைப் பிடித்தேன். நிற்கவில்லை. அவன் விசில் அடித்தான், அது போய்க்கொண்டே இருந்தது.

கோயிலில் ஆறு மணி அடித்தது. எழுந்திருக்க முடியாமல் அவன் தோளைப் பிடித்து எழுந்தேன். அப்போதுதான் கேட்மேன் அறையின் உள்ளே பார்த்தேன். மேலே திறந்து கிடக்கிறது, கூரை தரையில் படுத்திருக்கிறது.

"கூரை வைக்கலையேடா. இது முடியாமதானே இருக்கு."

"அட, அது கெடக்கட்டும்மா. கூரையை நான் நாளைக்குப் போயிட்டு வந்து போட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு ரயிலைப் பார்க்கத் திரும்பிவிட்டான். என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரியாது. நான் கீரை நறுக்கப் போனேன். காலையில் அவனுக்கு டப்பா கட்டணும், எலுமிச்சம்பழம் இருக்கிறதா பார்க்கணும், ஒரு தேங்காய்த் துவையல் அரைக்கலாம். விரலில் பசை காய்ந்து உரிந்து வருகிறது. போயிட்டு வந்து. ஆமாம், போயிட்டு வந்து என்றுதான் சொன்னான்.